எழுத்தின் கோலம்

எழுதுதல் என்னும் சொல் இன்று பெரும்பாலும் எழுத்துக்களைப் பொறிப்பதையே குறிக்கின்றது. பண்டைத் தமிழிலோ அச்சொல் ஓவியம் தீட்டுதலையும் குறித்து வழங்கியது. கண்ணுக்கு மை தீட்டுவதைக் கண்ணெழுதுதல் என்றனர். சுவரில் உருவம் வரைவதை ஓவியம் எழுதுதல் என்றனர். படிப்பதற்கு உரிய கோடும், பார்த்து மகிழ்வதற்கு உரிய கோடும் ஒரே கையினின்று பிறந்தவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின், இரண்டிற்கும் ஒரு சொல்லே போதும் என்று கருதினர் போலும்!

‘வருக’ என்னும் ஒரு சொல்லைத் தாய் சொல்லும் முறை வேறு; வாயில் காப்போன் சொல்லும் முறை வேறு. சொல் ஒன்றேயாயினும், குரல் அதன் உட்கருத்தை வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. ஏட்டில் எழுதிய சொல்லுக்குக் குரல் இல்லை. குரல் செய்யும் அப்பணியை ஏட்டில் ஓரளவு செய்வது எழுத்தின் வடிவமே ஆகும். நிமிர்ந்து நேராக நிற்கும் எழுத்து, அவையில் நின்று பேசும் சான்றோரைப் போன்றது. சாய்ந்தும் வளைந்தும் துள்ளியும் வரும் எழுத்து, தெருவில் ஓடி விளையாடும் சிறுவரைப் போன்றது. முன்னதற்கு உரிய இடம் ஒன்று. பின்னதற்கு உரிய இடம் மற்றொன்று. கையெழுத்தைப் போல விளையாட்டுக் கோலம் பூண்ட எழுத்துக்கள் எங்கே தகும், எங்கே தகா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பனமலையும் காஞ்சியும்

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு அண்மையில், பனமலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குன்றின்மேல் தாலகிரீசுவரர் கோயில் நிற்கிறது. தாலம் என்னும் வடசொல்லுக்குப் பனை என்பது பொருள். கிரி என்பது மலை. ஊரின் பெயரும் இறைவன் பெயரும் ஒன்றற்கொன்று ஒத்திருத்தலைக் காண்க. இக்கோயிலை எழுப்பியவன் இராசசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இப்பல்லவ மன்னனே காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலையும் கட்டியவன்.

பனமலைக் கோயிலில் இருவகை எழுத்தையும் காணலாம். ஒன்று, சுவரில் எழுதிய ஓவியம். மணிமுடி புனைந்த உமையம்மை, குடை நிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, இறைவன் ஆடும் கூத்தைக் கண்டு களிக்கிறாள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அக்கோடுகளின் குழைவு மங்கிற்றிலது. மற்றொன்று, கல்லில் எழுதிய எழுத்து. பல்லவரின் குலமுறை கூறும் வடமொழிச் சுலோகங்கள், பல்லவ கிரந்தம் என்னும் வரிவடிவத்தில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு சுலோகம் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் காணப்படுகிறது. இரண்டு கோயில்களையும் எடுப்பித்தவன் ஒரே மன்னன் என்பதை அறிஞர் துணிவதற்கு இவ்வொற்றுமை துணை செய்தது.

காஞ்சிக் கோயிலிலோ வேறொரு புதுமையும் உண்டு. கோயிலின் முற்றத்தைச் சூழ்ந்து சிறு சிறு ஆலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றில் மன்னனின் விருதுப் பெயர்கள் இருநூற்றைம்பதுக்குக் குறையாமல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகமப்பிரியன், சிவசூடாமணி, வாத்திய வித்தியாதரன் என்பன அவற்றுட் சில. இப்பெயர்கள் ஒருமுறை மட்டும் எழுதப்படவில்லை. பல்லவ கிரந்தத்திலும், வடநாட்டு நாகரி வகையைச் சார்ந்த எழுத்திலும், அழகுக்கென்றே புனைந்த வரிவடிவங்களிலும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளன. அவ்வழகெழுத்துக்களில் கோடுகள் நீண்டு வளைந்து, பறவையின் கழுத்தும் அலகும் இறகும் போலத் தோன்றுகின்றன. முதலிற் காண்போர் அவற்றை எழுத்தென்று கொள்ளார். பூவேலைப்பாடு என்றே கருதுவர்.

இதில் நாம் நோக்கத்தக்க செய்திகள் இரண்டு. எழுத்தைப் பறவையாக்கி மகிழ்ந்த அச்சிற்பிகள் அவ்வாறு செய்தது விருதுப் பெயர்களுக்கே ஆகும். குலமுறை கூறும் நெடிய சுலோகங்களை அவர்கள் பறவைக் கூட்டமாக்கவில்லை. பெயர் சிறியது, பலமுறை கேட்டுப் பழகியது, அதனை அழகு செய்தல் கொண்டாட்டமாகும். வரலாறோ நெடியது, படித்து அறிதற்கு உரியது, அதற்குத் தெளிவே முதல் தேவை. இது முதற்செய்தி. அழகெழுத்தில் எழுதிய பெயரை எளிய எழுத்திலும் எழுதி வைத்தனர். ஒன்றைப் படிக்க இயலாதவர் மற்றொன்றைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். இது இரண்டாம் செய்தி. இன்றைக்கும் எழுத்து வடிவமைப்போர்க்கு இவ்விரண்டுமே நல்ல விதிகளாகும்.

செஞ்சிக்கு அருகிலேயே திருநாதர்குன்று என்னும் இடம் உண்டு. அங்குள்ள பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவைக் கூறும் பழைய கல்வெட்டு ஒன்றும் அங்கே உள்ளது. அது பனமலைக் கோயிலினும் பழமையானது. பழந்தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய நிலையைக் காட்டுவது. அதில் அணி இல்லை, அலங்காரம் இல்லை. நோன்பு, நாளின் அளவு, ஆசிரியர் பெயர் ஆகியவை மட்டுமே உள்ளன. ஒரு துறவியின் மறைவைக் கூறும் கல்லில் எழுத்துக்கள் பறவைகளாகச் சிறகடித்தால் அது பொருந்துமோ? பொருந்தாது அன்றோ? சொல்லும் பொருளே எழுத்தின் உடையை வகுக்கிறது என்பதற்கு இவ்வெளிய கல்வெட்டும் ஒரு சான்றாகும்.

ஓலையும் அச்சும்

எழுத்தின் வடிவம் எழுதுவோன் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் அதனை வகுக்கின்றன. தமிழகத்தில் பல நூற்றாண்டுகளாக எழுதும் பொருளாக இருந்தது பனையோலை, கருவி எழுத்தாணி. பனையோலையில் நரம்புகள் நீளவாட்டில் ஓடுகின்றன. அந்நரம்பை ஒட்டி நேர்க்கோட்டை அழுத்திக் கீறினால் ஓலை கிழியும். வளைத்து எழுதினால் அவ்விடர் குறையும். தமிழ் எழுத்துக்களில் வளைவும் சுழியும் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். எழுத்தாணியின் கீறல் எங்கும் ஒரே தடிப்பு உடையது. ஆதலின் சுவடி எழுத்தில் தடித்த கோடு, மெல்லிய கோடு என்னும் வேறுபாடு தோன்றுவதில்லை. புள்ளி இட்டால் ஓலை துளைபடும் என்று அஞ்சிப் பெரும்பாலும் அதனை விட்டுவிட்டனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று. பிற்காலத்தில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்தும் எழுத்தின் வடிவைத் திருத்தியும் அவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார்.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் அமைந்தது. செருமனி நாட்டிலிருந்து முதலில் வந்த தமிழ் எழுத்துக்கள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். அச்சுக் கலை பரவப் பரவ, அறிவு எளிதிற் பரவிற்று. ஆயினும், ஒன்று மறைந்தது. சுவடியைக் கண்டவுடன், “இஃது இன்னார் கை” என்று அடையாளம் காணுதல் கூடும். அச்சு நூலிலோ எல்லார் சொல்லும் ஒரே முகம் கொண்டன.

அம்முகத்திற்கு மீண்டும் கையின் சாயலைத் தர மேலைநாட்டார் தொடக்கத்திலேயே முயன்றனர். 1501ஆம் ஆண்டு வெனிசு நகரத்தில் ஆல்டசு மனுசியசு என்னும் பதிப்பாளர், அக்காலக் கற்றோரின் கையெழுத்தைப் பின்பற்றிச் சாய்ந்த எழுத்தை வெட்டுவித்து, வர்ச்சில் என்னும் பெரும்புலவரின் நூலை முழுவதும் அவ்வெழுத்தாலேயே அச்சிட்டார். காலப்போக்கில் மேலைநாட்டு நூல்களின் உடற்பகுதியை நேரெழுத்தே பிடித்துக்கொண்டது. சாய்வெழுத்து நூற்பெயருக்கும், அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கும் உரியதாக ஒதுங்கிற்று. காஞ்சிச் சிற்பிகள் கண்ட அளவையே வெனிசு நகரத்து அச்சும் நெடுநாட் பழக்கத்தாற் கண்டது எனலாம்.

கையெழுத்தைப் போன்ற எழுத்துரு

ஈய எழுத்துக்களின் இடத்தைக் கணினி பெற்றபின், எழுத்தின் ஒரே சீரான வடிவத் தொகுதியை எழுத்துரு என்று வழங்குகிறோம். தமிழிலும் கையெழுத்துச் சாயலும் விளையாட்டுப் பொலிவும் உடைய எழுத்துருக்கள் பல தோன்றியுள்ளன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசு அமைத்த ‘கவிவாணர்’, சாய்ந்து செல்லும் கையெழுத்துப் பாங்குடையது. ‘பாலு தம்பி’ என்பது பெயருக்கேற்பக் கொழுகொழுவென்று உருண்டு திரண்டது. இவற்றை எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

இத்தகைய எழுத்துருவை ஆக்குதல் எளிய செயல் என்று எண்ணற்க. ஆங்கிலக் கையெழுத்தில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கோத்துச் செல்லும். அக்கோப்பே கையின் அடையாளம் ஆகிவிடும். தமிழெழுத்துக்கள் தனித்தனியே நிற்பவை. ஆதலால், தமிழிற் கையின் சாயலை வேறு வழிகளால் காட்ட வேண்டும். எழுத்தைச் சற்றே சாய்க்கலாம். வரியின் மட்டத்திலிருந்து சிறிது ஏற்றி இறக்கலாம். கொம்பையும் சுழியையும் நீட்டலாம். கோட்டின் முனையைத் தூரிகை இழுத்தாற்போல மெலிவிக்கலாம்.

தமிழில் எழுத்துக்கள் இருநூற்று நாற்பத்தேழு. அவற்றுள் ஆகாரம், ஏகாரம் முதலியவற்றிற்கு உரிய குறிகளை ஒருமுறை வரைந்து பல எழுத்துக்களோடும் சேர்த்துக்கொள்ளலாம். உகர ஊகாரங்களோ அவ்வாறு அடங்குவன அல்ல. கு, சு, து, மு, ரு என்பவற்றை நோக்குங்கள். ஒன்றில் வளைவு, ஒன்றில் கீழிறங்கும் கோடு, ஒன்றில் சுழித்த வால் என அவை வெவ்வேறாக அமைகின்றன. ஆதலின், அவ்வரிசைகளை ஒவ்வொன்றாக வரைதல் வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. நாம் கையால் ‘அம்மா’ என்று பத்து முறை எழுதினால், பத்து அகரமும் பத்து வகையாக அமையும். கணினியோ எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே அகரத்தையே தரும். கையெழுத்துப் போலத் தோன்றும் வரியில் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரின், பொய்க்கோலம் வெளிப்பட்டுவிடும். அதனைத் தவிர்க்கச் சில எழுத்துருக்களில் ஓர் எழுத்திற்கே இரண்டு மூன்று வடிவங்களை வரைந்து, அவை மாறி மாறி வருமாறு அமைக்கின்றனர். இயல்பு போலத் தோன்றச் செய்வதற்கே இத்துணை முயற்சி வேண்டியிருக்கிறது!

தகுமிடமும் தகாவிடமும்

விளையாட்டு எழுத்து தன் அழகை முழுதும் காட்டுவது சொற்கள் சிலவாக உள்ள இடத்திலேயாம். குழந்தைகள் படிக்கும் கதை நூலின் தலைப்பு, பொங்கல் வாழ்த்து மடல், பள்ளி ஆண்டு விழாவின் அழைப்பிதழ், படக்கதையில் பாத்திரங்களின் பேச்சு, தின்பண்டப் பொட்டலத்தின் பெயர், திரைப்படத்தின் பெயர் ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். நம் வார இதழ்களில் சிறுகதைகளின் தலைப்பை ஓவியர் தம் கையாலேயே எழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நகைச்சுவைக் கதையாயின் தலைப்பு எழுத்தே குதித்து நிற்கும். துன்பக் கதையாயின் எழுத்தும் துவண்டு நிற்கும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் நூல்களின் அட்டைகளில் தூரிகையால் எழுதிய எழுத்துக்கள் தனியழகு உடையவை என்று பாராட்டப்பெற்றன.

தலைப்பு விளையாடலாம், செய்தி விளையாடலாகாது. அழைப்பிதழில் விழாவின் பெயரைத் துள்ளும் எழுத்தில் எழுதுவதில் தவறில்லை. நாளும் நேரமும் இடமும் எளிய எழுத்தில் இருத்தல் வேண்டும். அழகிய அழைப்பைக் கண்டு மகிழ்ந்தவர், நேரத்தைப் பிறழ உணர்ந்து விழா முடிந்தபின் வந்து சேர்ந்தால், அவ்வழகால் வந்த பயன் யாது? மருந்துப் புட்டியின் மேலுள்ள குறிப்பு, நியாயவிலைக் கடையின் அறிவிப்பு, தேர்வு வினாத்தாள், பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகை ஆகியவற்றில் விளையாட்டெழுத்துக்கு இடமே இல்லை. செஞ்சிக் கோட்டையை 2025ஆம் ஆண்டு யுனெசுகோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒரு பகுதியாகச் சேர்த்தது. அக்கோட்டையைக் காண வருவோரை வரவேற்கும் பலகையில் எழுத்து எழிலுற வளையட்டும். செங்குத்தான இடத்தில், “இப்பக்கம் செல்லாதீர்” என்று எச்சரிக்கும் பலகையிலோ ஒவ்வோர் எழுத்தும் ஒரே பார்வையில் விளங்க வேண்டும். அங்கே எழுத்தின் தெளிவு உயிர்காக்கும் துணையாகிறது.

இடமறியாமல் வழங்கிய விளையாட்டெழுத்து நகைப்புக்கு உள்ளாதலும் உண்டு. மைக்ரோசாப்ட்டு நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட்டு கானேர் என்பவர், ஒரு கணினிப் படத்தில் நாய் ஒன்று பேசுவதாக அமைந்த சொற்கள் செய்தித்தாளுக்குரிய கடுமையான எழுத்தில் இருத்தலைக் கண்டார். ‘நாயின் பேச்சுக்கு இவ்வெழுத்துப் பொருந்தாது’ என்று கருதி, 1994ஆம் ஆண்டு படக்கதை எழுத்துக்களைப் பின்பற்றி ‘காமிக் சான்சு’ என்னும் எழுத்துருவை ஆக்கினார். அவர் கருதிய இடத்தில் அது நன்கு பொருந்துவதே. ஆனால், உலகெங்கும் மக்கள் அதனை எல்லா இடத்திலும் வழங்கத் தொடங்கினர். 2012ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள், செனீவாவின் அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில், இக்சு துகளை ஒத்த புதிய துகள் ஒன்றைக் கண்டதாக அறிஞர் அறிவித்தனர். அப்பெருஞ் செய்தியைத் திரையிற் காட்டிய ஏடுகளில் சில இவ்வெழுத்துருவில் இருந்தன. பலர் கண்டுபிடிப்பை விட்டு எழுத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தனர். பொருளைத் தாங்கி நிற்க வேண்டிய எழுத்து, பொருளை மறைத்துக்கொண்டு தான் முன்னே நின்றுவிட்டது.

தமிழுக்கு உரிய எச்சரிக்கை

தமிழெழுத்தை விளையாட விடுவோர் மூன்று இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலாவது சுழி. இரண்டு சுழி னகரம், மூன்று சுழி ணகரம் என்று இளமையிலேயே கற்கிறோம். அழகுக்காக ஒரு சுழியைக் கூட்டினால் மனம் மணமாகிவிடும்; ஊன் ஊணாகிவிடும். பனை என்பது ஓலை தரும் மரம். பணை என்பது மூங்கில். ஒரு சுழி மிகின், மரமே மாறிப் போகின்றது!

இரண்டாவது கொம்பு. ஒற்றைக் கொம்பின் முனை சுழியாமலும், இரட்டைக் கொம்பின் முனை சுழிந்தும் இருத்தல் வேண்டும். எல்லாக் கொம்பையும் அழகுக்காகச் சுழித்துவிட்டால் கொடி கோடியாகும், செடி சேடியாகும். வீரமாமுனிவர் தெளிவாக்கியதை நாம் மீண்டும் மங்கச் செய்தவர் ஆவோம்.

மூன்றாவது புள்ளி. பல என்பது எண்ணைக் குறிக்கும். பல் என்பது வாயில் உள்ளது. இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு புள்ளியே. அதனைப் பூவாகவோ விண்மீனாகவோ வரையலாம். எழுத்தின் உச்சியில் அஃது ஐயமின்றித் தோன்றுதல் வேண்டும். ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டவர்க்குக் காரணம் இருந்தது. கணினித் திரை கிழிவதில்லை. ஆதலின் நமக்கு அக்காரணமும் இல்லை.

இவற்றோடு காலத்திற்கேற்ற வழக்கையும் நோக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை என்பவற்றை யானைத் துதிக்கை போன்ற வளைவு இட்டு எழுதி வந்தனர். அவ்வளைவு அழகியதே, பழைமையின் மணம் கமழ்வதே. இன்று அதனைத் தலைப்பில் ஓரிடத்தில் வைத்தால் பெரியோர் மகிழ்வர். பாட நூல் முழுதும் வைத்தால் இளையோர் இடர்ப்படுவர்.

முடிவுரை

மாணவர்களே, கணினியின் முன் அமர்ந்து எழுத்துருக்களின் பட்டியலைத் திறக்கும்போது, ‘எது அழகானது?’ என்னும் வினா இயல்பாகவே எழும். அதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். ‘இதனைப் படிப்பவர் யார்? அவர் இதனைப் படித்து என்ன செய்ய வேண்டும்?’ இவ்விரண்டிற்கும் விடை கண்டபின் அழகைத் தேடுங்கள். கண் மங்கிய முதியவரும், அப்பொழுதே எழுத்தறிந்த குழந்தையும், தமிழைப் புதிதாகக் கற்கும் அயலாரும் நாம் எழுதுவதைப் படிக்கக் கூடும். அவர்கள் தடுமாறும் இடத்தில் நம் எழுத்தின் அழகு பயனற்றதாகும்.

வாய்ப்பு நேரும்பொழுது பனமலைக் குன்றின்மேல் ஏறுங்கள். உமையம்மையின் ஓவியத்தையும் கல்லெழுத்தையும் கண்டபின், காஞ்சிக்குச் சென்று பறவையாகிய எழுத்துக்களையும் காணுங்கள். எழுத்தை எவ்வளவு விளையாட விடலாம் என்பதை அக்காலச் சிற்பிகள் நன்கு அறிந்திருந்தனர். பெயரைக் கொண்டாட்டமாக எழுதினர். வரலாற்றைத் தெளிவாக எழுதினர். நாம் எழுதும் சிறு அழைப்பிதழிலும் அவ்வறிவு விளங்குமாயின், எழுத்தும் ஓவியமும் ஒரு கையினின்று பிறந்தவை என்னும் பழந்தமிழ் வழக்கிற்கு நாமும் உரியவர் ஆவோம்.